அத்தை பங்கிட்ட சீம்பால்

கால்நடை உற்பத்திப் படிப்பில் சேர்ந்த புதிதில், ஒரு மதிய வகுப்பில், பேராசிரியர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோன ஒரு விஷயத்தில் என் பேனா நின்றுவிட்டது. கன்று பிறந்ததும் சீம்பால் குடித்தாக வேண்டும். நோயைத் தாங்கும் சக்தி அந்தப் பாலில்தான் அதற்குக் கிடைக்கிறது. நேரம் கடந்தால் குடித்தும் பெரிய பயனில்லை. சுற்றிலும் எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கல்லிடைக்குறிச்சியில் அத்தை வீட்டுத் தொழுவம் கண்முன் வந்தது.

அப்பாவின் அக்கா அவள். ஒற்றை மாடு வைத்திருந்தாள். ஈன்றதும் கன்றைத் தள்ளிக் கட்டிவிடுவாள். "நஞ்சு விழுமுன்ன குடிச்சா கன்னுக்கு ஆகாதுட்டி" என்பாள். நஞ்சுக்கொடி விழுந்த பிறகும் முதலில் கறந்தது தெருவுக்குத்தான். கருப்பட்டி தட்டிப்போட்டு அவித்து வீடு வீடாகக் கொடுத்துவிடுவாள். "மதினி, ஒங்க மாடு எப்பம் ஈனும்னு எங்க வீட்டுல பல்லத் தீட்டிக்கிட்டுல்லா இருக்காங்க" என்று எதிர்வீட்டு அண்ணாச்சி கிண்டலடிப்பார். அத்தைக்கு அதில் அவ்வளவு பெருமை. ஆனால் அடுத்தடுத்து மூன்று கன்றுகள் கழிச்சல் கண்டு செத்தன. ஒவ்வொன்றுக்கும் சாப்பிடாமல் கிடந்தாள். ஊர்க்கண் பட்டுவிட்டது என்று நம்பினாள். யாரும் ஏக்கப்படக் கூடாதென்று அந்த மூன்றாவது ஈற்றுக்கு இன்னும் இரண்டு வீடு சேர்த்துக் கொடுத்தாள்.

அந்த வாரக் கடைசியிலேயே பஸ் பிடித்து ஓடினேன். படித்ததைக் கொட்டிவிடும் வேகம் எனக்கு. மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அத்தை அரிசி புடைப்பதை நிறுத்தியிருந்தாள்.

"அப்பம் அந்த மூணும் கண்ணுபட்டுச் சாகலியோ?"

"இல்லத்தே."

"நாந்தான் பட்டினி போட்டிருக்கேன், என்னட்டி?"

அவள் முறத்தை வைத்துவிட்டுப் பைய எழுந்து தொழுவத்துக்குப் போனாள்.

அடுத்த கன்றை ஈரம் காயுமுன்பே மடியில் விட்டாள். தெருவில் யாரும் குறை சொல்லவில்லை. கிடேரிக் கன்று பிழைத்து வாசலெல்லாம் துள்ளியது. அத்தை மட்டும் அதைத் தொடவேயில்லை. "நீயே தடவிக்கொடுட்டி. எனக்கு அதுக நெனப்பு வருது" என்பாள். போன ஐப்பசி மழைக்காலத்தில் அவளும் போய்விட்டாள்.

இப்போது எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் ஓர் அக்கா வீட்டு மாடு ஈனும் நாள் நெருங்கி மடிவிட்டு நிற்கிறது. அங்கும் முன்பு இரண்டு கன்றுகள் செத்திருக்கின்றன. நாளைக் காலையில் போகிறேன். வரப்போகும் கன்றைப் பற்றி மட்டும்தான் பேசுவேன், அதுவும் நிதானமாக. அவளே அந்த இரண்டையும் பற்றிக் கேட்டுவிட்டால் என்ன சொல்வதென்று இன்னும் தெரியவில்லை. ஆனாலும் போகத்தான் வேண்டும்.