பவுல் இறங்காத தீவு

என் நாத்தனார் பெர்சிஸ் கிரேக்க நாட்டுத் தீவுக்குக் கிளம்பிய அன்று, வேலூரே திரண்டு காட்பாடி ஸ்டேஷனுக்கு வந்தது. கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். வந்தது ஒரு வேன் கொள்ளுகிற கூட்டம். அதிலும் நாலு பேர் வேறு ரயிலுக்கு வந்தவர்கள்.

பெர்சிஸ் காலமெல்லாம் நர்ஸ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 2003இல் ரிடையர் ஆனாள். ஆஸ்பத்திரி விட்டதே தவிர, தெரு விடவில்லை. ஊசி போட, கட்டுப் பிரிக்க, பிரஷர் பார்க்க என்று சாப்பிடும்போது வந்து நிற்பார்கள். ஒரு கல்யாணப் பந்தியில் ஒருவர் சட்டையைத் தூக்கி ஆபரேஷன் தையலைக் காட்டினார். அவர் மாப்பிள்ளையின் தகப்பனார்.

"ஒரே ஒரு வாரம், அண்ணி. யாரும் என்னை சிஸ்டர்னு கூப்பிடாத ஊர்ல சும்மா உக்காந்துட்டு வரணும்" என்றாள்.

அப்படி ஓர் ஊரும் கைவசம் இருந்தது. ஆம்பூருக்கு ஷூ வாங்க வரும் கோஸ்தாஸ் என்கிற கிரேக்கர், ஒருமுறை மஞ்சள் காமாலையில் அவள் வார்டில் படுத்திருந்தார். வீடு திரும்பும்போது, "எங்கள் தீவில் அம்மா தனியாகத்தான் இருக்கிறார், மாடி அறை காலி, எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்" என்றார். எல்லாருக்கும் சொல்கிற உபசாரம். பெர்சிஸ் அதை டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டு மாதிரி பத்திரப்படுத்திக்கொண்டாள். அவளைத் தனியாக அனுப்பக்கூடாது என்று நானும் சேர்ந்துகொண்டேன். யாரும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

விஷயம் சர்ச்சுக்குப் போனது. கிரேக்கத் தீவு என்றால் எங்கள் சபைக்கு ஒன்றுதான் தெரியும்: யோவான் சிறையிருந்த பத்மு. பெண்கள் சங்கச் செயலாளர் ஆக்னஸ் அடுத்த ஞாயிறே ஒரு பெரிய கோஷ்டியைச் சேர்த்துவிட்டார். புளிசாதம் யார் பொறுப்பு என்பது வரை பேசியாயிற்று.

"நீங்க கூட இருக்கறது ஆண்டவர் செயல், சிஸ்டர். எனக்கு சுகர், ஜெனிஃபாவுக்கு மூட்டு வலி. வேற டாக்டரே வேணாம்" என்றார் ஆக்னஸ்.

பெர்சிஸுக்கு முகம் செத்துவிட்டது. வேதப் புத்தகத்தின் கடைசியில் உள்ள வரைபடத்தைப் பிரித்தாள். அப்போஸ்தலர் பவுல் ஊழியத்துக்குப் போன கடல் வழியெல்லாம் அதில் கலர் கலராகக் கோடு போட்டிருக்கும். கோடே இல்லாத இடத்தில் விரலை வைத்தாள்.

"நாங்க போறது இங்க."

"பத்மு?"

"அது வேற தீவு. வேற கப்பல்."

"அப்போ பவுல்?"

"இங்க இறங்கல."

"அவர் சீஷர் தீத்துவாவது வந்திருப்பாரே?"

"வரல."

போதகர் தானியேல் ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரைபடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பவுல் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லம்மா. காத்து சரியில்லாம இருந்திருக்கும்" என்று பவுலுக்காகப் பரிந்து பேசினார்.

"அப்போ அங்க இன்னாதான் இருக்கு?" என்றார் ஆக்னஸ்.

"நாற்காலி" என்றாள் பெர்சிஸ்.

சங்கம் அந்த வருஷம் ஏலகிரிக்குப் போனது.

கிளம்புவதற்கு முந்தின நாள் பக்கத்து வீட்டு அன்வரி பேகம் வழியனுப்ப வந்து, உட்கார்ந்ததும் கையை நீட்டினார். பெர்சிஸ் பிரஷர் மிஷின் பட்டையைச் சுற்றினாள்.

"அங்க போயி நர்ஸுன்னு வாயத் தொறக்காதே, பெர்சிஸ்மா. கணக்கு டீச்சர்னு சொல்லு. ஒருத்தனும் கிட்ட வரமாட்டான். எவ்ளோ இருக்கு?"

"ஜாஸ்திதான். உப்பக் கம்மி பண்ணுங்க."

அவர் போனதும் பெர்சிஸ் பிரஷர் மிஷினைத் துணியில் சுற்றி பீரோ மேல் ஏற்றிவிட்டாள். ஸ்டூலை எடுத்து வேறு அறையில் போட்டாள். பெட்டி கட்டுகிற வேலையை நான் ஏற்றுக்கொண்டேன்.

தீவில் மாடியில் ஒரு நீல நாற்காலி, எதிரே கடல். அதில் போய் உட்கார்ந்த பெர்சிஸ் ஒரு வாரமும் எழுந்திருக்கவில்லை. சிஸ்டர் என்று ஒரு குரல் கேட்கவில்லை. அந்த ஊர்க் கழுதைகள்கூட மாடிக்குக் கீழே வந்ததும் குளம்புச் சத்தம் இல்லாமல் நடந்தன.

இதை நான் வீட்டில் எழுதும்போது பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெர்சிஸ், இதுவரை எழுதியதைப் படித்துக்காட்டச் சொன்னாள். கடைசிவரை கேட்டாள்.

"ஒரு வாரம் இல்ல, அண்ணி. ஒரு நாள். மறுநாள் காலையில கோஸ்தாஸோட அம்மா கைய நீட்டிக்கினு வந்து நின்னாங்க, பின்னாடியே பாதி ஊரு. பீரோ மேல இருந்த மிஷின் உங்க பெட்டிக்குள்ள எப்படி வந்துதுன்னும் எழுதுங்க."