பளபளத்த வால்வு

பரிசோதனைக்கு வரும் எந்த சிலிண்டரையும் நான் முதலில் நம்புவதில்லை. எனக்குச் சம்பளம் கொடுப்பதே அதற்குத்தான். கீரனூருக்கு வெளியே, திருச்சி சாலையை ஒட்டிய தகரக் கொட்டகைதான் எங்கள் நிலையம். பழைய சிலிண்டர்கள் இன்னும் சில வருடம் அழுத்தத்தைத் தாங்குமா என்று பார்த்து, தாங்கினால் சிலிண்டரின் தோளில், வால்வுக்குக் கீழே, புதுத் தேதியைக் குத்தி அனுப்புவோம். தாங்காததை இரண்டாக வெட்டிவிடுவோம். வெட்டாமல் விட்டால் பெயின்ட் அடித்துக்கொண்டு மறுபடி எங்காவது போய் நிற்கும். அதன் பக்கத்தில் ஓர் ஆளும் நிற்பார்.

மீமிசல்காரர் லோடு ஆட்டோவில் இரண்டு ஆக்சிஜன் சிலிண்டர்களோடு வந்தார். கடற்கரையில் வெல்டிங் கடை. படகு இன்ஜின், புரொப்பல்லர் தண்டு, நங்கூரம் என்று எல்லாவற்றையும் ஒட்டிக் கொடுப்பவர்.

"மூணாவது ஒண்ணு கடையில இருக்குங்க. மச்சான் அத வச்சு வேலை பாக்குறான். இத இன்னைக்கே கொடுத்துருங்க மேடம்."

எனக்கென்று ஒரு வரிசை உண்டு. முதலில் தோளில் குத்திய எண். அதைத் தேய்த்து மாற்றியிருந்தால் திருட்டு சிலிண்டர். அடுத்தது பெயின்ட். அளவுக்கு மேல் தடித்திருந்தால் அடியில் துரு இருக்கும். மூன்றாவது வால்வு. எண் சரியாக இருந்தது, பெயின்டும் பரவாயில்லை. வால்வில் நின்றுவிட்டேன்.

கடற்கரை வால்வு எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். உப்புக்காற்றில் பித்தளை பச்சை பூத்து, மரை இறுகி, கழற்றவே ஒரு பாடு படுத்தும். இவருடையது கல்யாணத்துக்குத் துலக்கிய குத்துவிளக்கு மாதிரி இருந்தது.

"வால்வு மாத்துனீங்களாண்ணே?"

"இல்லைங்க. வாங்குனப்ப இருந்ததுதான்."

நான் நம்பவில்லை. வேறு சிலிண்டரின் வால்வைக் கழற்றிப் போட்டிருக்கலாம். இல்லையென்றால் சிலிண்டரே இவருடையது இல்லாமல் இருக்கலாம். அவர் மீது மீன் வாடை அடித்தது, ஆட்டோவில் அடித்தது, சிலிண்டரிலும் அடித்தது. மீமிசலில் இருந்து வருகிறவர், அதனால் அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

அவரும் என்னை நம்பவில்லை. கைபேசியை உயர்த்தி, நடந்ததையெல்லாம் வீடியோ எடுத்தார்.

"என்னத்துக்குங்க இது?" என்றார் எங்கள் நிலையத்தில் பம்பு ஓட்டும் அண்ணன்.

"சில எடத்துல நல்ல சிலிண்டர வச்சுக்கிட்டு ஒடைசலத் திருப்பித் தர்றாங்களாம்."

"அப்ப என் மூஞ்சியையும் சேர்த்து எடுங்க. நான் வேலைக்குத்தான் போறேன்னு வீட்டுல நம்ப மாட்டேங்குறாங்க."

மீமிசல்காரர் சிரிக்கவில்லை. கேமரா மட்டும் பம்பு அண்ணன் பக்கம் கொஞ்சம் திரும்பியது.

வால்வுகளைக் கழற்றிச் சுத்தம் செய்யும் திரவத்தில் போட்டோம். சிலிண்டருக்குள் விளக்கை இறக்கிப் பார்த்தேன். எடை பார்த்தேன். தண்ணீர் நிரப்பி, தொட்டிக்குள் இறக்கி, அழுத்தம் ஏற்றினோம். அழுத்தத்தில் எஃகு கொஞ்சம் விரியும், பக்கத்துக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஏறும். அழுத்தத்தை விட்டதும் தண்ணீர் பழைய இடத்துக்கு இறங்கவேண்டும். இறங்காவிட்டால் வெட்டு. இரண்டு முறையும் ஒழுங்காக இறங்கியது.

"ரெண்டும் பாஸ். மொகத்தக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வையுங்க இன்ஜினியரம்மா" என்றார் பம்பு அண்ணன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வால்வுக்கு விடை கிடைக்காமல் என் வரிசை முடிவதில்லை.

சூடான காற்றில் உலர்த்தி, வால்வை மாட்டி, தேதியைக் குத்தினோம். ஆட்டோவில் ஏற்றுவதற்கு முன் மீமிசல்காரர் பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலையும் துணியையும் எடுத்தார். துணியை நனைத்து வால்வைப் பதமாகத் துடைக்க ஆரம்பித்தார். துணியின் நுனியை முறுக்கி, வாயு வெளியே வரும் துவாரத்துக்குள் விடப் போனார்.

"எடுங்க கையை!" நான் கத்தியதில் பம்பு அண்ணனே பயந்துவிட்டார்.

"என்ன எண்ணெய் அது?"

"மீன் எண்ணெய்ங்க. படகுப் பலகைக்குப் போடுறது. உப்பு ஒட்டாது."

"ஆக்சிஜனுக்கு எண்ணெய் ஆகாதுன்னு யாருமே சொல்லலையா?"

"கிரீசும் மெஷின் ஆயிலும் ஆகாதுன்னாங்க. அதனாலதானே அத விட்டுட்டு இதப் போடுறோம். கலப்படமில்லாதது மேடம். பிள்ளைகளுக்கே கொடுக்கலாம்."

அழுத்தத்தோடு வரும் ஆக்சிஜனில் எந்த எண்ணெய் பட்டாலும் தீக்குச்சி தேவையில்லை. திறக்கிற கணத்தில், திறக்கிறவர் முகத்துக்கு நேராகவே பற்றும்.

"கடையில இருக்குற மூணாவதுக்கும் போடுவீங்களா?"

"தெனம் காலையில மச்சான் போடுவான்."

"உடனே போன் போடுங்க. தொறக்க வேணாம்னு சொல்லுங்க."

ஸ்பீக்கரில் போட்டார்.

"என்ன மச்சான், பெயிலாக்கிட்டாங்களா?"

"டேய், சிலிண்டரத் தொறந்துட்டியா?"

"சாப்புட வந்தேன். இப்பத்தான் போறேன். போட்டுக்காரர் தண்டுக்கு நின்னு கத்திக்கிட்டு இருக்காரு."

"தொறக்காத. எண்ணெய் பட்டா வெடிக்குமாம்."

"யாரு சொன்னா?"

"இங்கிட்டு இருக்குற இன்ஜினியர்."

"அவங்க புது சிலிண்டர் விக்கிறதுக்கு அப்புடித்தான் சொல்லுவாங்க. நீயும் கேட்டுக்கிட்டு நிக்கிற பாரு."

மீமிசல்காரர் என்னைப் பார்த்தார். காலையிலிருந்து நான் அவரைப் பார்த்த அதே பார்வை.

"இத்தனை வருசமாப் போடுறோமே. ஒண்ணும் ஆகலையே?"

"இதுவரைக்கும் ஆகலை" என்றேன். பிறகு, "அண்ணே, அதையும் நான் பெயில்னு சொல்லல. வால்வைக் கழட்டிச் சுத்தம் பண்ணுனா நல்லாவே இருக்கலாம். நாங்க சிலிண்டர் விக்கிறதும் இல்ல. இன்னைக்கு மட்டும் தொறக்க வேணாம்" என்றேன்.

அவர் கையிலிருந்த துணியை முகர்ந்து பார்த்தார். பிறகு சிலிண்டர் தோளில் குத்தியிருந்த புதுத் தேதியைப் பார்த்தார். மச்சான் மறுபக்கத்தில் ஹலோ, ஹலோ என்றான்.

"வால்வு சாவியக் கழட்டி வெளிய வைடா. போட்டுக்காரர் கத்துனா கத்தட்டும், நான் வந்து பேசிக்கிறேன்."

"படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க" என்றேன்.

"அவன நம்ப மாட்டீங்களா?"

"மாட்டேன்."

முதல்முறையாகச் சிரித்தார். "நானும் நம்ப மாட்டேன் தங்கச்சி."

படம் வந்தது. வலைக்குவியல் மேல் வால்வுச் சாவி. அதே கடைதானா, அதே சாவிதானா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். அவரும் தலையை நீட்டிப் பார்த்து, "எங்க சாவிதான்" என்றார். அவர் துணி பட்ட வால்வை மறுபடி கழற்றித் திரவத்தில் போட்ட பிறகே ஆட்டோ கிளம்பியது.

மறுநாள் மூன்றாவது சிலிண்டர் வந்தது. ஒதுக்குப்புறத்தில், துவாரத்துக்கு எதிரே யாரும் நிற்காமல், மெல்ல மெல்ல வாயுவை வெளியேற்றிவிட்டு, வெள்ளைத் துணியை அந்தத் துவாரத்துக்குள் விட்டு எடுத்தேன். மஞ்சளாக வந்தது. பக்கத்தில் நின்ற மச்சான் துணியை வாங்கி முகர்ந்து பார்த்தான். மீமிசல்காரர் அதையும் வீடியோ எடுத்து, தனக்குத் தெரிந்த கடைக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார்.

இப்போது அந்தப் பக்கத்து வால்வுகள் பச்சை பூத்து, இறுகி, அசிங்கமாக வருகின்றன. கழற்றுவதற்குள் பம்பு அண்ணன் என்னைத்தான் திட்டுகிறார். எப்போதாவது ஒன்று பளபளவென்று வந்தால், குத்திய எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே குனிந்து முகர்ந்துவிடுகிறேன்.