நூரிஸின் முதுகு

நூரிஸ் மெர்காடோவுக்கு இருக்கிற வீம்பு எங்கள் தெருவில் எவளுக்கும் கிடையாது. எதிர்வீட்டுக்காரி நான், இருபது வருஷமாகப் பார்க்கிறேன். அந்த வீம்புதான் அவள் முதுகை ஒடித்தது.

எங்கள் பர்ராங்கியா நகரம் முழுக்க பஸ் ஓட்டிய அவள் புருஷன் வில்ஃப்ரிடோவுக்கு இயக்க நரம்பு நோய். கை போயிற்று, கால் போயிற்று, பேச்சும் போயிற்று. கண்ணும் புத்தியும்தான் மிச்சம். ஆள் தொண்ணூறு கிலோ. கட்டிலுக்கும் நாற்காலிக்கும் கழிப்பறைக்குமாக நாளைக்கு ஆறு தடவை அவரைத் தூக்குகிறவள் ஐம்பது கிலோகூடத் தேறமாட்டாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: ஆளைத் துணித்தொட்டிலில் வைத்துத் தூக்கும் எந்திரம். காப்பீட்டுக்காரர்கள் வீட்டைப் பார்த்து முடிவு சொல்ல ஓசோரியோ என்று ஒருவனை அனுப்பினார்கள். காகிதக்கட்டோடு வருகிறவன் எல்லாம் எங்கள் ஊரில் டாக்டர்.

டாக்டர் வருகிறார் என்றதும் இவள் அடித்த கூத்தைக் கேளுங்கள். தரையைத் துடைத்து, புருஷனுக்குச் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை மாட்டி, நாற்காலியில் மாப்பிள்ளை மாதிரி உட்கார வைத்துவிட்டாள். வந்தவனுக்குக் கொரோசோப் பழச்சாறு வேறு. குடித்துவிட்டு அந்த மகராசன் எழுதினான்: "நோயாளி நன்கு பராமரிக்கப்படுகிறார். எந்திரம் தேவையில்லை."

நூரிஸ் வழக்குப் போட்டாள். மறுபடி போய்ப் பார்க்கும்படி நீதிபதி உத்தரவிட்டார்.

"இந்தத் தடவையாவது அவர அழுக்குச் சட்டையோட கட்டில்லயே விட்டு வைடி," என்றேன்.

"வேத்தாள் வர்ற நேரத்துல அவர அப்படிக் காட்டவா? என் உயிர் இருக்கறவரைக்கும் நடக்காதுக்கா."

மறுபடி சவரம், சட்டை, சாறு. நான் தலையில் அடித்துக்கொண்டு அங்கேயே ஓரமாக நின்றேன்.

ஓசோரியோ சுற்றிப் பார்த்துச் சிரித்தான். "எவ்வளவு அழகா வச்சிருக்கீங்கம்மா. உங்களுக்கு எதுக்கு எந்திரம்?"

வில்ஃப்ரிடோவின் கண், பேச்சுக்குப் பதிலாக அவர்கள் வைத்திருக்கும் எழுத்துப் பலகைக்குப் போயிற்று. நூரிஸ் அதை எடுத்து ஒவ்வோர் எழுத்தாக விரலை ஓட்ட, வேண்டிய எழுத்து வந்தபோதெல்லாம் அவர் கண்ணை மூடினார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்து ஓசோரியோ பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். பத்து நிமிஷம் ஆயிற்று.

"என்ன சொல்றாரு?"

"நீயே தூக்குங்கறாரு, டாக்டர்." நூரிஸ் வெட்கத்தில் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"கட்டில் ரெண்டடி தள்ளித்தான் இருக்கு, டாக்டர். தூக்குங்க," என்றேன் நான்.

பையை வைத்துவிட்டு அவர் அக்குளில் கைகொடுத்து ஒரு சாண் தூக்கினான். அவ்வளவுதான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். நாற்காலியிலிருந்து சரிந்த வில்ஃப்ரிடோவை நூரிஸ் பாய்ந்து முழங்காலால் முட்டுக்கொடுத்துத் தாங்கி, ஒரே தம்மில் கட்டிலில் சேர்த்தாள். அப்புறம் டாக்டரையும் அவள்தான் தூக்கிவிட்டாள்.

பன்னிரண்டாம் நாள் எந்திரம் வந்தது. எந்திரம் கேட்டு அலைந்த பதினொரு மாதமும் நூரிஸின் முதுகு பட்ட பாடு ஒருத்தன் கண்ணிலும் படவில்லை. ஓசோரியோவின் இடுப்பு ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டதும் எந்திரம் கொடுக்கச் சொல்லிக் காகிதம் பறந்திருக்கிறது. தூ.