மங்களம் மிஸ்ஸியின் வாசல்வரை

மங்களம் மிஸ்ஸியின் உடலருகே இருந்தவர்கள்: அவருடைய தங்கை சரோஜா, தங்கையின் கணவர், பக்கத்து வீட்டுச் சீன அம்மா, சாப்பாட்டுக்கடை காதர் பாய், அவர் மனைவி. ஐந்தே பேர். கணக்கு எழுதிப் பழகிய என் கை என்னையும் சேர்க்கப் பார்க்கிறது. நான் சேர்த்தியில்லை. வேலிக்கு வெளியே நின்றேன்.

காலையில் காதர் பாய்தான் வந்து, "மிஸ்ஸி போயிட்டாங்க தங்கச்சி" என்றார். நான் தைப்பூசப் பால்குடத்துக்குக் காப்புக் கட்டியிருந்தேன். காப்புக் கட்டியவர்கள் சாவு வீட்டுக்குள் போவதில்லை. நம் கோயில் பெண்கள் எல்லாரும் அதே விரதத்தில்தான் இருந்தோம். பால்வெட்டிப் பிழைத்த ரப்பர் தோட்டம் விற்கப்பட்டு ஈப்போவுக்கு வந்தபின், ஆஸ்பத்திரியில் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, இருந்து ஓய்வு பெற்ற அந்த அம்மாவிடம் வெள்ளிதோறும் பூஜை முடிந்து வரிசையாகக் கை நீட்டி பிரஷர் பார்த்துக்கொண்டவர்களும் நாமேதான்.

முதல் தடவை என் மாமியார் பக்கத்தில் நின்றார். பிரஷர் ஏறியிருந்தது. "நீங்க போய் பிரசாதம் வாங்கிட்டு வாங்கம்மா" என்று அவரை அனுப்பிவிட்டு மறுபடி பார்த்தார் மிஸ்ஸி. இறங்கியிருந்தது. எனக்குக் கூசிப்போனது.

"இதுல என்னா வெட்கம்? மூளைக்கு நடுவுல ஒரு எடம் இருக்கு. பயந்தா நம்மளக் கேக்காமலே பிரஷர ஏத்திவுடும். புலியா மாமியாரான்னு அதுக்குத் தெரியாதுலா."

வரிசையே சிரித்தது. பாப்பாத்தி அக்கா விடவில்லை. "அப்ப, பால்வெட்டப் போனப்ப பாம்பப் பாத்து ஓடாம மயங்கி விழுந்தேனே, அது என்னா மிஸ்ஸி?"

"அதே எடத்துலேர்ந்து ரெண்டு வழி போவுது. ஒண்ணு, ஓடு, சண்ட போடுன்னு ஏத்தும். இன்னொண்ணு, அசையாதேன்னு எறக்கிடும். டாக்டருங்களே இன்னும் முழுசா கண்டுபிடிக்கல."

"பயந்தாங்கொள்ளி வழின்னு சொல்லுங்க!"

"இல்ல பாப்பாத்தி, அதுவும் உசிரக் காப்பாத்தத்தான். ஆனா பாம்பு போனப்புறமும் அங்கயே படுத்துக் கெடக்கக் கூடாதுலா."

மிஸ்ஸி இறந்த அன்று வேலியோரம் என் கைகள் சில்லிட்டன. தலை சுற்றியது. உள்ளே காதர் பாயின் மனைவி மிஸ்ஸியின் தலைமாட்டில் உட்கார்ந்து ஈ அண்டாமல் விசிறிக்கொண்டிருந்தார். தூக்க ஆள் போதாமல் சவ வேன் ஓட்டி வந்தவரும் தோள் கொடுத்தார்.

"உள்ள வாங்கக்கா" என்றார் சரோஜா. நான் இடது கையைத் தூக்கிக் காப்பைக் காட்டினேன். அவர் திரும்பி உள்ளே போனார். மிஸ்ஸி வெள்ளிதோறும் பிரஷர் பட்டை சுற்றிய கை அது.

வீட்டுக்கு வந்து விளக்கேற்றினேன். முருகன் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. விரதம் என்று பழியை அவன் மேல் போட்டுவிட்டு நான்தான் ஊர் வாய்க்குப் பயந்து நின்றேன் என்பது அவனுக்குத் தெரியும்.

பாம்பு போனபின்னும் படுத்துக் கிடக்கக் கூடாது. மிஸ்ஸியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்த ஒரு சொல்லைத்தான்.

சரோஜா, இது உங்களுக்கு: தைப்பூசம் முடியட்டும் என்று நான் காத்திருக்கப்போவதில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு, கையில் காப்போடு, உங்கள் வீட்டுக்குள் வந்து அடுப்படியில் கைகொடுக்க நினைக்கிறேன். முருகனிடம் சொல்லிவிட்டேன். நீங்கள்தான் சொல்ல வேண்டும். வரலாமா? சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.