வெற்றிலைக் கட்டுக்குள் ஒரு கேமரா

காலை 7.40. சேலம் புதிய பேருந்து நிலையம்.

பேருந்து கிளம்பும் முன்பே எனக்குக் கோபம் வந்துவிட்டது என்பதை முதலில் பதிவு செய்துவிடுகிறேன். பயணக் கட்டுரை எழுதுகிறவன் நேர்மையாக இருக்க வேண்டும்.

கோபம் மடியில் இருந்த புதுக் கேமராவின் அட்டைப்பெட்டியின் மேல். அதில் ஒரு படம். பனிமலை. அந்த மலையிலிருந்து ஒரு வாலிபன் பல்லெல்லாம் தெரியக் குதிக்கிறான். கீழே எழுத்து: ‘உங்கள் வாழ்க்கைக்காகவே வடிவமைக்கப்பட்டது.’ என் வாழ்க்கையில் நான் கடைசியாகக் குதித்தது, குளியலறையில் கரப்பான்பூச்சியைப் பார்த்தபோது. சித்திரை வெயில் காலை ஏழரைக்கே இருக்கையின் ரெக்சினைச் சுட வைத்திருக்கிறது. யாருடைய வாழ்க்கைக்காக ஐயா வடிவமைத்தீர்கள்?

எனக்கு இடது தோளில் இறுக்கம். கையைக் காது வரைக்கும்தான் தூக்கலாம். கோயிலில் கும்பிட்டால் பாதிக் கும்பிடுதான் சாமிக்குப் போய்ச் சேர்கிறது. பழைய வீடியோ கேமராவின் எடை ஒன்றரைக் கிலோ. “இனி அதைத் தூக்கினால் தோளுக்கு நான் பொறுப்பில்லை” என்று டாக்டர் சொல்லிவிட்டார். பயணம் போகவும் வேண்டும், படம் எடுக்கவும் வேண்டும், தூக்கக் கூடாது. ஆகவே எடை குறைந்த கேமரா ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஒரு மாதம் யூடியூபில் கிடந்தேன். என் பெண்ணுக்கு வரன் பார்த்தபோதுகூட இவ்வளவு விசாரிக்கவில்லை. ஒருவன் இதை வாங்காதே என்றான். அடுத்தவன் இதைத் தவிர எதையும் வாங்காதே என்றான். பிறகு பார்த்தால் இருவரும் ஒரே ஆள், சட்டைதான் வேறு.

கடைசியில் ஐந்து ரோட்டுக் கடையில் நாற்பத்திரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு இதை வாங்கினேன். எடை நூற்றெழுபத்தொன்பது கிராம். ஒரு நல்ல நேந்திரம்பழம்.

“கையில இருக்கறதே தெரியாது சார்” என்றான் விற்பனைப் பையன்.

“தொலைஞ்சு போனாலும் தெரியாதோ?”

“அதுக்குத் தனியா ஒரு வார் இருக்கு சார். அறுநூத்தி ஐம்பது.”

வார், மைக், உபரி பேட்டரி இரண்டு, அதற்கொரு சார்ஜர், ஒரு குச்சி, குச்சிக்கு மூன்று கால், எல்லாவற்றுக்கும் ஒரு பை. வீட்டுக்கு வந்து சமையலறைத் தராசில் வைத்தேன். ஒரு கிலோ அறுநூறு. தராசைத் திரும்ப எடுத்து வைக்கும்போது என் மனைவி லேசாக இருமினாள்.

*

காலை 8.30. ஆண்டகளூர் கேட் தாண்டி.

இது சும்மா சுற்றிப் பார்க்கும் பயணமில்லை. பரமத்தி வேலூரில் என் மனைவியின் அண்ணன் செல்வராஜ் இருக்கிறார். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர், இப்போது ஒரு டிரெய்லருக்குச் சொந்தக்காரர். அவருடைய ஒரே மகள் கோகிலா, வயது இருபத்தாறு, அந்த டிரெய்லரை அப்பாவுக்குச் சமமாக ஓட்டுவாள். போலந்து நாட்டில் ஒரு கம்பெனிக்கு டிரெய்லர் ஓட்ட ஆள் வேண்டும் என்று பார்த்து விண்ணப்பித்தாள். அவர்கள் ஒரு வீடியோ கேட்டார்கள்: வண்டியை வளைத்துப் பின்னால் எடுத்து நிறுத்துவதை, வெட்டாமல், ஒட்டாமல், ஒரே மூச்சில் எடுத்தனுப்ப வேண்டும். தோழியின் போனில் எடுத்து அனுப்பினாள். படம் ஆடுகிறது, பாதியில் யாரோ போன் செய்து நின்றுவிட்டது என்று திருப்பிவிட்டார்கள். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதுவும் இன்று மாலை ஆறு மணிக்குள்.

“எங்கிட்ட இருக்குது பாரு, கை ஆடுனாலும் படம் ஆடாத கேமரா” என்று போனில் பீற்றிக்கொண்டது நான்தான். வாங்கி மூன்று நாள் ஆகியிருந்தது. அதுவரை எங்கள் சீலிங் ஃபேனை மட்டும் படம் எடுத்திருந்தேன். அது ஆடாமல்தான் வந்திருந்தது.

குச்சியில் மாட்டி ஜன்னல் வழியாக வெளியே பிடித்தேன். கண்டக்டர் வந்தார்.

“ஏனுங்க, தலைய நீட்டக்கூடாதுன்னு எழுதியிருக்குதுங்க.”

“தலை இல்லைங்க, கேமரா.”

“எதுவா இருந்தாலும் எதுத்தாப்ல வர்ற லாரிக்குத் தெரியாதுங்க. எங்க எறங்கறீங்க?”

“வேலூர்.”

“நம்ம வேலூர்தானுங்களே? போன வாரம் ஒருத்தரு கோட்டை எங்கன்னு கேட்டுட்டு எறங்குனாருங்க.”

சீட்டு எழுபது ரூபாய். சேலத்திலிருந்து நாமக்கல் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல்; அங்கிருந்து வேலூர் இன்னும் இருபது. நாமக்கல்லில் ஒற்றைப் பாறை மலை கண்ணாடி முழுக்க வந்து நின்றது. படம் பிடிக்கலாம் என்று பொத்தானை அழுத்தினால், கேமரா என்னிடம் மறுபடியும் முதலிலிருந்து மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. தேர்ந்தெடுத்து முடித்தபோது மலை போய்விட்டது, முட்டை ஏற்றிய வேன் ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. பயணக் கேமராவாம்!

*

காலை 10.00. பரமத்தி வேலூர்.

காவிரிப் பக்கத்துக் காற்று என்று ஆறுதலுக்குச் சொல்லலாம். வெற்றிலைக் கொடிக்காலுக்குள் நுழைந்தால் மட்டும் நிஜமாகவே குளிரும். வெளியே வந்தால் தோசைக்கல்.

செல்வராஜின் மனைவி மல்லிகா என்னை அண்ணா என்றுதான் கூப்பிடும். செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டுப் பையை எட்டிப் பார்த்தது.

“கேமரா எங்கண்ணா?”

“இதுதான் தங்கச்சி.”

“இதா? எங்கூட்டு எலிப்பொறி இதவிடப் பெருசுங்ணா.”

செல்வராஜ் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். தடுக்கவும் இல்லை, உதவவும் இல்லை. ரயில்வே கேட்டில் மாட்டிய லாரி மாதிரி இருந்தார்.

“போலந்துக்கு எத்தனை டோல்கேட்டு மாப்ள?”

“பிளேன்ல போறது மச்சான்.”

“நாமக்கல் வரைக்கும் ஓட்டட்டும்னு கத்துக்குடுத்தேன். போலந்து வரைக்கும்னு நான் சொல்லல.”

கோகிலா கையில் போனுடன் வந்தாள். “மாமா, ரூல்ஸ் கேட்டுக்கங்க. நான் கேபின்ல ஏறுறதுல இருந்து ஒரே ஷாட். ரெண்டு டிரம்முக்கு நடுவுல ரிவர்ஸ்ல நிறுத்தணும். நடுவுல வண்டியை முன்னால எடுத்து சரிபண்ண ஒரே ஒரு தடவைதான் விடுவாங்க. கடைசியா கீழ எறங்கி, கேமராவப் பார்த்து, பேரைச் சொல்லி, வேலைக்கு வரத் தயார்னு சொல்லணும்.”

“அவ்வளவுதானே?” என்றேன். இந்தச் சொல்லுக்காக இன்றும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

*

பகல் 12.15. வீட்டை ஒட்டிய பொட்டல்.

டிரம் வைத்தாயிற்று. கேமராவை மூன்று காலோடு மதில்மேல் நிறுத்தினேன். கோகிலா ஏறப் போனாள். செல்வராஜ் எழுந்து வந்தார், கையில் எலுமிச்சம்பழம்.

லாரிக்காரர் வீட்டில் இதை விளக்க வேண்டியதில்லை. பனிமலை வாசகர்களுக்காகச் சொல்கிறேன். நல்ல காரியத்துக்கு வண்டி எடுத்தால் சக்கரத்தின் கீழ் பழம் வைத்து, முன்னால் உருட்டி, நசுக்கிவிட்டுத்தான் மற்றது.

“மச்சான், முன்னால ஒரு தடவைதான் எடுக்கலாம். பழத்துக்கு அதைச் செலவு பண்ணிட்டா, அப்புறம் கோணலாப் போனா சரிபண்ண முடியாது.”

“பின்னால எடுத்து எந்த நல்ல காரியம் மாப்ள ஆரம்பிச்சிருக்குது?”

“சரி, படம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பழத்துல ஏத்திறலாமே!”

“படத்துக்கு முன்னாடி ஏத்துனா அது சும்மா ஏத்தறது. படத்துக்கு யாரு காவலு?”

முப்பத்திரண்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவன் நான். பாலிசி தொடங்கும் நேரத்தைப் பற்றி இவ்வளவு தெளிவாக எங்கள் மேலாளர்கூடப் பேசியதில்லை.

கோகிலா அப்பாவின் பக்கம் திரும்பினாள். “ஆகட்டுங்கப்பா. வெய்யுங்க” என்றாள். கிடைத்த ஒரே மன்னிப்பைப் பழத்துக்குக் கொடுத்துவிட்டு ஏறினாள்.

பழம் நசுங்கியது. வண்டி பின்னால் வளைந்தது. டிரெய்லரின் வால் முதல் டிரம்மைத் தாண்டும் நேரத்தில் கேமரா ‘டிங்’ என்றது. திரையில் ஒரு தெர்மாமீட்டர் படம்: ‘வெப்பம் மிகுதி. ஆறவிட்டு முயலவும்.’ அணைந்துவிட்டது.

ஆறவிடவா? நாமக்கல் ஜில்லாவிலா? சித்திரையிலா? எந்த மாசம் வரைக்கும் ஐயா?

*

பிற்பகல் 2.30.

இரண்டாம் தடவை. வேப்பமர நிழலில் நானே குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புதுப்பழம் வைக்கப்பட்டது, நசுங்கின பழத்தில் மறுபடி ஏற்றுவதா என்று செல்வராஜ் அதட்டிவிட்டார். இம்முறை கேமராவின் இன்னொரு மகிமை வெளிப்பட்டது. உயிருள்ள முகத்தைத் தானே கண்டுபிடித்துத் தொடருமாம். கோகிலாவின் முகம் கேபினுக்குள் நிழலில் இருந்தது. வெளிச்சத்தில் நின்றது மல்லிகாவின் வெள்ளாடு. முழுப் படத்திலும் ஆடு தழை தின்பது அவ்வளவு துல்லியம். பின்னணியில் எங்கோ ஒரு டிரெய்லர். அதுவும் கொஞ்ச நேரம்தான். மறுபடி ‘டிங்’.

“ஆட்டுக்கு வேணா போலந்துல வேல கெடைக்குங்ணா” என்றது மல்லிகா.

கோகிலா சிரிக்கவில்லை. டிரம்மின்மேல் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்த கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு தடவையும் அவள் தப்பே செய்யவில்லை. தப்பு செய்ததெல்லாம் நானும் நாற்பத்திரண்டாயிரமும். கேமராவை வீசியெறியலாம் என்று தோன்றியது. தோள் ஒத்துழைக்காது.

அப்போது மல்லிகா கேமராவை என் கையிலிருந்து பிடுங்கியது. உள்ளே, சந்தைக்குப் போகக் கட்டி வைத்திருந்த வெற்றிலைக் கட்டுகள் நனைத்த வாழைப்பட்டையில் கிடந்தன. ஒரு கட்டைப் பிரித்து, ஈர இலைக்குள் கேமராவைச் செருகி, மேலே பட்டையைச் சுற்றி நாரால் கட்டிக் கொண்டுவந்தது. கண்ணாடி மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது.

“வெத்தலையே ரெண்டு நாள் வாடாமக் கெடக்குது. இது கெடக்காதா?”

*

மாலை 4.10.

மூன்றாம் தடவை. ஆட்டைக் கட்டிவிட்டோம். முகம் தொடரும் வித்தையை அணைத்துவிட்டேன். கட்டு குச்சியில் மாட்டவில்லை. இரண்டு கையாலும்தான் ஏந்த வேண்டும், தலை உயரத்துக்கு. நூற்றெழுபத்தொன்பது கிராம்தான், இலையோடு கால்கிலோ. ஆனால் இடது கை காதைத் தாண்டவில்லை. எடை குறைந்த கேமராவுக்கு எடை குறைந்த தோள் தேவையென்று எந்த யூடியூப்காரனும் சொல்லவில்லை.

“குடுங்க மாப்ள” என்றார் செல்வராஜ்.

பழத்தைத் தானே வைத்துவிட்டு வந்து, கட்டை இரண்டு கையாலும் நெற்றிக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

“ஏறு சாமி.”

கோகிலா ஏறினாள். பழம் நசுங்கியது. இனி முன்னால் வரக் கூடாது. டிரெய்லரைப் பின்னால் எடுப்பது தலைகீழ்க் கணக்கு. வால் இடது போக ஸ்டியரிங் வலது போக வேண்டும். வண்டி நத்தையாக வளைந்தது. வால் இரண்டாவது டிரம்மை நெருங்கியபோது, செல்வராஜ் கைகளை அசைக்காமல், உதட்டுக்குள் மட்டும், “ஸ்டியரிங்க ஒடி... ஒடி... இப்பத் திருப்பு” என்றார். அவளுக்குக் கேட்டிருக்க முடியாது. ஆனால் அதே நொடியில் திருப்பினாள். டிரெய்லர் நடுவில் போய் நேராக நின்றது. இன்ஜின் அடங்கியது. ‘டிங்’ வரவில்லை.

அவள் இறங்கி, முன்னால் வந்து, கேமராவைப் பார்த்தாள். அதாவது அப்பாவை. ஆங்கிலத்தில் பேரைச் சொன்னாள். வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன் என்றாள்.

நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அதுவரை கல்தூணாக இருந்த செல்வராஜின் கைகள் அப்போது நடுங்கின. கொஞ்சமாக அல்ல. கட்டு நடுங்கி, இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக அவர் முழங்கை வழியாக இறங்கியது. கோகிலா “முடிஞ்சுதுங்கப்பா” என்று சொன்ன பிறகும் அவர் கையைத் தாழ்த்தவில்லை.

மொட்டைமாடியில் சிக்னல் கிடைக்கும் ஒரே மூலையில் நின்று, ஆறு அடிக்கச் சற்று முன் அனுப்பி முடித்தாள்.

*

இரவு 7.15. சேலம் பேருந்து.

ஜன்னலோரம் உட்கார்ந்து போனில் அந்தப் படத்தைப் போட்டேன். கடைசி நிமிஷத்தைத்தான் பார்க்க நினைத்தேன். கோகிலா வந்து நின்றாள், பேரைச் சொன்னாள், தயார் என்றாள். படம் மலையாக நின்றது. ஒரு மயிரிழை ஆடவில்லை. மறுபடி போட்டேன். செல்வராஜின் நடுக்கம் அதில் இல்லவே இல்லை.

இதை எழுதி முடிப்பதற்குள் போலந்துக்காரர்கள் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். ஆடி கழியட்டும் என்கிறார் செல்வராஜ். கம்பெனிக்கு ஆடி தெரியாது, டிக்கெட் அனுப்பிவிட்டது.

நான் சேலம் திரும்பிய மறுநாளே கேமராவுடன் ஐந்து ரோட்டுக் கடைக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். பையன் பொறுமையாகக் கேட்டான்.

“படம் சூப்பரா இருக்கே சார். என்ன குறை?”

“பிடிச்சவர் கை நடுங்குச்சு. அது பதியல.”

அவனுக்கு முகமே மலர்ந்துவிட்டது.

“அதுக்குத்தானே சார் இந்த வெல!”