காசு கொடுத்து நிலத்தில் படுக்கப் போனோம்

மல்வேர்னில் நாங்கள் வாடகைக்கு இருந்த அப்பார்ட்மென்டில் குளியலறை ஒன்றுதான். கனடாவுக்குப் புதிதாக வந்து இறங்கும் என் கணவரின் சொந்தங்களுக்கு விமான நிலையத்துக்கு அடுத்த தரிப்பிடம் எங்கள் வீட்டு ஹோல். ஒருவர் வேலையும் அறையும் தேடிக்கொண்டு போனால், அவர் விட்டுப்போன போர்வை ஆறுவதற்குள் அடுத்தவர் பெட்டியோடு வாசலில் நிற்பார். தொண்ணூறுகளின் முதற்பாதி முழுவதும் இப்படித்தான் போனது. அந்தக் காலத்தில் யாரும் கதவைத் தட்டாமல் ஒரு தடவையாவது குளித்து முடித்ததாக எனக்கு நினைவில்லை. சரியாகத் தலையில் நுரை நிற்கும் நேரம் பார்த்துத் தட்டுவார்கள்.

"அக்கா, இன்னும் நேரமாகுமோ? ஷிஃப்டுக்கு பஸ் போயிடும்."

"இந்தா, முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு, காதுக்குள் நுரையோடு வெளியே வருவேன். உள்ளே போகிறவர் ஆறுதலாக அரை மணித்தியாலம் சவரம் செய்வார். அவருடைய பஸ் அதுவரை காத்துக்கொண்டு நிற்கும் போலிருக்கிறது.

கணவருக்கு மிசிசாகாவில் ஒரு இயந்திர உதிரிப்பாகக் கம்பனியில் வேலை. தலைமையகம் ஜப்பானில். ஒரு இலையுதிர் காலத்தில் அவரை அங்கே பயிற்சிக்கு அனுப்புவதென்று முடிவாயிற்று. என் டிக்கட்டை நாங்களே போட்டுக்கொண்டால் நானும் கூடப் போகலாம். பயிற்சி முடிந்ததும் சனி, ஞாயிறு எங்களுக்கு. இதைக் கேள்விப்பட்ட, அவருடைய அலுவலகத்தில் இருந்த ஜப்பானியப் பெண் ஒருத்தி, வெந்நீர் ஊற்று விடுதிகளின் பிரசுரங்கள் மூன்றைக் கொடுத்து, விரும்பியதைச் சொன்னால் தானே ஃபாக்ஸ் அனுப்பி அறை பிடித்துத் தருவதாகவும் சொல்லியிருக்கிறாள்.

முதலாவது, மாடி மாடியாக எழும்பிய பெரிய ஹோட்டல். பாட்டுப் பாடும் மண்டபமெல்லாம் இருந்தது. எங்கள் சனத்தின் கல்யாண வீடுகளில் பாட்டுக் கேட்டுக் கேட்டு எனக்கு அந்த ஆசை அறவே விட்டுப்போயிருந்தது. இரண்டாவதில், குடும்பமாகப் பூட்டிக்கொண்டு குளிக்கும் சிறு குளியலறை. மூன்றாவது ஒரு தாயும் மகளும் நடத்தும் சின்னஞ்சிறு விடுதி. ஆற்றங்கரையில் மரவீடு, பாய் விரித்த அறைகள் ஆறு, ஆண்களுக்கு ஒன்றும் பெண்களுக்கு ஒன்றுமாகப் பொதுக் குளியல்.

இரண்டாவது பிரசுரத்தின் படத்தில் மரத்தொட்டி இருந்தது, ஆவி இருந்தது, ஆள் இருக்கவில்லை. அந்த ஆளில்லாத தொட்டியில்தான் என் மனம் போய் விழுந்தது.

"எனக்கு ஜப்பானிலை வேறை ஒண்டும் வேண்டாம். ஒருதரும் தட்டாமல் ஒருக்கால் குளிக்க வேணும்" என்று கணவரிடம் வாய்விட்டே சொன்னேன்.

"ஓமோம், அதுக்கென்ன, வடிவாக் குளியும்" என்றவர், அந்தக் கையோடு வோபர்னில் இருந்த தன் தமையனுக்குப் போன் எடுத்தார். எங்கள் வீட்டில் வாளி வாங்குவதென்றாலும் வோபர்னுக்குப் போன் போகும்.

ஞாயிற்றுக்கிழமை தமையனும் மனைவியும் வந்தார்கள். எங்கள் பிள்ளைகள் இரண்டு பேரையும் அவர்கள்தான் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. ஆகவே கருத்துச் சொல்லும் உரிமை அவர்களுக்குப் பூரணமாக இருந்தது. தமையன், எனக்கு அத்தான், மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிரசுரங்களை ஆராய்ந்தார்.

"என்ன பிள்ளை இது, கட்டிலும் இல்லையாம். காசு குடுத்து நிலத்திலை படுக்கப் போறியளோ? உங்கடை ஹோலிலை சனம் சும்மாதானே படுக்குது!"

இதைச் சொன்னவர் ஒரு மாரிகாலம் முழுவதும் அதே ஹோலில் சும்மா படுத்து எழும்பியவர்.

மூன்றாவது விடுதியின் குளியல் விபரத்தைச் சொல்லும்போது கணவரின் குரல் தானாகத் தணிந்தது. அத்தானுக்கு அதில் ஒரு சிக்கலும் தெரியவில்லை.

"சாரத்தோடை இறங்கலாம்தானே? கிணத்தடியிலை நாங்கள் என்ன, அம்மணமாவோ குளிச்சனாங்கள்?"

"துணி ஒண்டும் தண்ணிக்குள்ளை போகக் கூடாதாம், அண்ணை."

அக்கா, அதாவது அத்தானின் மனைவி, கையை நீட்டி அந்தப் பிரசுரத்தைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். பூட்டு உள்ள இரண்டாவது விடுதியே தகுந்தது என்று சபை ஏகமனதாகத் தீர்மானித்தது. உள்ளதைச் சொன்னால் எனக்கும் சந்தோசம்தான். வெட்கம் எனக்கும் உண்டு.

அத்தோடு தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பியிருக்கலாம். அக்காவுக்கு அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது.

"ஜப்பானிலை எங்கடை சித்தப்பான்ரை மகன் இருக்கிறானெல்லே!"

ஏதோ ஒரு தொழிற்சாலையில் வேலையாம். இரண்டு சிநேகிதரோடு ஒரே அறையில் இருக்கிறானாம். நாங்கள் போகும் பக்கத்திலிருந்து ரயிலில் கிட்டத்தானாம். "அவ்வளவு தூரம் போய் அவனிட்டை நிக்காமல் வந்தால் பெடியன் என்ன நினைப்பான்?" என்று அக்கா கேட்டார். நான் என்ன நினைப்பேன் என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை. கலியாணமாகாத மூன்று ஆண்பிள்ளைகள், ஒரு அறை, ஒரு அடுப்பு. அந்த அடுப்புக்கு முன்னால் யார் நிற்பார் என்பது எனக்கு மல்வேர்னிலிருந்தே தெரிந்தது.

"நான் அங்கை வரமாட்டன். விடுதிக்குத்தான் போறன்" என்றேன். அத்தானுக்கு முன்னால் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

என் கணவர் யாருடைய மனத்தையும் நோகடிக்காதவர். என்னுடையதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. அன்று பின்னேரமே ஜப்பானுக்குப் போன் எடுத்து, "தம்பி, நீங்கள் மூண்டு பேரும் விடுதிக்கு வாங்கோவன், எல்லாரும் சேர்ந்து நிப்பம்" என்று அழைத்துவிட்டு, பெரிய வழக்கொன்றைத் தீர்த்து வைத்தவர் மாதிரிச் சிரித்துக்கொண்டு வந்தார். "இப்ப எல்லாருக்கும் சந்தோசம்" என்றார்.

நான் குசினிக்குள் போய் அழுதேன். கவலையால் இல்லை, ஆத்திரத்தால். அழுது முடிந்ததும் பிரசுரங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். என் ஆசைத் தொட்டிக்கு ஒரு அறை, ஒரு பூட்டு. வெளியே மூன்று பெடியங்களும் ஒரு கணவரும் துவாயோடு வரிசையில். இதற்கு ஜப்பான் எதற்கு? இது மல்வேர்ன், கதவு மட்டும் கடதாசி.

பிறகு அக்கா கவிழ்த்து வைத்ததை நிமிர்த்தினேன். அதில் இரண்டு திரைச்சீலைகளின் படம் இருந்தது. நீலம் ஆண்களுக்கு, சிவப்பு பெண்களுக்கு. எங்கள் கூட்டத்தில் சிவப்பைத் தாண்டக்கூடிய ஒரே ஆள் நான். வெட்கம் ஒரு பக்கம், கதவுத் தட்டல் ஒரு பக்கம். அன்றிரவு முழுக்க யோசித்தும் தட்டல்தான் கூடப் பாரமாக இருந்தது.

"மூண்டாவதுக்கு ஃபாக்ஸ் அனுப்பச் சொல்லுங்கோ" என்றேன் காலையில்.

"உமக்கென்ன விசரோ? ஆக்களுக்கு முன்னாலை..."

"பொம்பிளையளுக்கு முன்னாலைதானே."

"அண்ணைக்கு நான் என்ன சொல்லுறது?"

"சாரத்தோடை இறங்கலாமாம் எண்டு சொல்லுங்கோ."

அப்படியே சொன்னார். அத்தான் திருப்திப்பட்டார். பிரச்சினை என்னவென்றால், சொல்லிச் சொல்லிக் கணவரும் அதை நம்பிவிட்டார்.

விடுதிக்கு நாங்கள் போய்ச் சேரும் முன்பே பெடியங்கள் மூவரும் வந்து, செருப்பு மாற்றும் இடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான். என்னைக் கண்டதும் எழும்பி நின்று கேட்ட முதல் கேள்வி, "அக்கா, மிளகாய்த்தூள் கொண்டந்தனீங்களோ?" கொண்டுவந்திருந்தேன். தேயிலையும் சேர்த்து வோபர்ன் அக்கா கட்டித் தந்த பார்சல் என் உடுப்புப் பெட்டியைவிடப் பாரம்.

விடுதிக்காரி முழங்காலை மடித்து உட்கார்ந்து எங்களுக்குப் பச்சைத் தேநீர் ஊற்றினாள். ஆண்கள் நால்வரும் அதை மணந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். நான் யன்னலைப் பார்த்தேன்.

பிறகு நால்வரும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நீலத் திரைப்பக்கம் போனார்கள். போன வேகத்திலேயே ஈரம் படாமல் திரும்பி வந்தார்கள். விடுதிக்காரி வழியில் மறித்து, குனிந்து வணங்கி, சாரத்தைக் காட்டி, மறுபடி குனிந்து வணங்கியிருக்கிறாள். சாரத்தோடு விட அவளுக்கு மனமில்லை, சாரமில்லாமல் போக இவர்களுக்கு மனமில்லை. அறைக்குள் சுற்றிவர உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

நான் துவாயை எடுத்துக்கொண்டு எழும்பினேன். சிவப்புத் திரையை விலக்கிப் போய் உடுப்பைக் கழற்றி வைத்தேன். உள்ளே தண்ணீருக்குள் என் வயது மதிக்கத்தக்க ஒரு பெண் இருந்தாள். என்னைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், இன்னும் வீடு வாங்கவில்லையா என்று ஒரு கேள்வியும் இல்லை. அவளைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. ஆனால் அது அதற்கேற்ற இடமில்லை.

ஓரமாக இருந்து உடம்பைக் கழுவி, தலையில் நுரை முழுதாகப் போகும்வரை ஊற்றி, மெல்ல இறங்கினேன். சூடு முதலில் கடித்தது, பிறகு விட்டது. யன்னலுக்கு வெளியே ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது நடையிலிருந்து கணவரின் குரல் வந்தது.

"இஞ்சரும்... இன்னும் நேரமாகுமோ? பெடியள் பிளேன்ரீ கேக்கிறாங்கள்."

பழக்கத்தில் என் உடம்பு பாதி எழும்பிவிட்டது. "இந்தா" என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் தட்டும் சத்தம் வரவில்லை. அவர் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பது எனக்குப் பார்க்காமலே தெரிந்தது. அங்கே கதவில்லை. தொங்குவது துணி. துணியைத் தட்ட முடியாது.

நான் திரும்பவும் கழுத்துவரை இறங்கினேன்.

"ஓம்" என்று சத்தம் போட்டுச் சொன்னேன். "கனநேரமாகும்."