வராத நாளுக்கு ஒரு டிக்

பென்னாகரத்தில், பாதியில் படிப்பை நிறுத்தியவர்களைப் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குத் தயார்செய்யும் மையத்தில் நான் ஆசிரியை. நிலக்கடலை பறிக்கும் காலத்தில் பாதி பெஞ்சு காலியாகிவிடும். மேலிடத்துக்குப் பதில் சொல்லப் பயந்து, வராதவர்களுக்கும் வந்ததாக டிக் போட்டுவிடுவேன். அவர்களுக்கும் உதவிதானே என்று எனக்கு நானே சமாதானம் வேறு.

ஒருநாள், முப்பது வயது மாணவி செல்வி வருகைப்பதிவேட்டைப் பார்த்துவிட்டார்.

“நேத்து நா கடலக்காட்டுல இருந்தனுங்க டீச்சர். எனக்கு எதுக்குங்க டிக்கு?”

“உங்க நல்லதுக்குத்தாங்க.”

“எட்டாவதுல நா நின்னப்ப, ஏன் வரலன்னு ஒருத்தரும் கேக்கலீங்க. நீங்களாச்சும் கேளுங்க.”

எனக்குச் சுருக்கென்றது. அவர் முன்னாலேயே அந்த டிக்கை அடித்து நீக்கினேன். அன்றிலிருந்து யார் வராவிட்டாலும் போன் செய்தேன். “வூட்டுல இருந்து கெளம்பிட்டனுங்க!” என்று செல்வி மூச்சிரைக்கச் சொல்லும்போது, பின்னால் ஆடு கத்தும்.

தேர்வு முடிவு வந்த காலை, பஸ் கிடைக்காமல் நான் தாமதமானேன். போன் அடித்தது; செல்விதான்.

“ஏன் டீச்சர் இன்னும் வரல? நா பாஸுங்க! மிட்டாய் டப்பாவப் பிரிக்காம எல்லாரும் உங்களுக்காகக் காத்துட்டு இருக்கறோம்!”

ஏன் வரவில்லை என்று ஒருவர் கேட்பது இவ்வளவு இனிக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.